மணல் மூட்டையும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும்

வீரபாண்டியில் இருப்பவன் மலை ஏறாமல் காலம் தள்ள முடியாது. கேரளாவுக்குள் போக போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழி; மூன்றும் ஏற்றம்தான். போடிமெட்டுச் சாலையில் மட்டும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மேலே பனியும் சாரலும், ரோட்டோரம் சேறும் சருகுமாகக் கிடக்கும். இந்தச் சாலைகளில் நாற்பது வருடம் ஓடியவை பெரும்பாலும் பின்சக்கரம் தள்ளும் வண்டிகள்: அம்பாசிடர், பியட், ஜீப். அவை வழுக்காமல் ஏற நம்மவர்கள் என்னென்ன செய்தார்கள் என்பதை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. பணிமனையில் கிரீஸ் கையோடு காலம் கழித்தவன் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியவன் என் அக்கா மகன். 1980-களின் அம்பாசிடர் ஒன்றை வாங்கிப் பளபளவென்று ஆக்கி வைத்திருக்கிறான். “மாமா, புது கார்ல எல்லாம் டிராக்‌ஷன் கண்ட்ரோல் வருது. இதுக்கும் போட்டுட்டா போடிமெட்டு மழையில பயமில்லாமப் போலாம்ல?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. மாடு முன்னால் இழுக்கிறது, சக்கரம் தன் பாட்டுக்கு உருள்கிறது. இன்ஜினே சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே கம்பியில் பூட்டினால் டயர் தேயும், வண்டி திரும்பாது. 1820-களின் இறுதியில் பிரான்ஸ் நாட்டுக் கடிகாரத் தொழிலாளி ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக ஒரு பல்சக்கர அமைப்பைச் செய்தார். அதுதான் டிஃபரன்ஷியல். இன்றும் எல்லாக் காரிலும் இருப்பது அதன் வாரிசுதான்.

அதில் ஒரு குணக்கேடு உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சமமான முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் நின்று பிடிமானம் இல்லாமல் சுற்றினால், அதற்கு எவ்வளவு குறைவாக விசை தேவையோ அவ்வளவுதான் தார் ரோட்டில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் போகும். இன்ஜின் கத்தும், ஒரு சக்கரம் பம்பரமாகச் சுற்றும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

அம்பாசிடருக்கு இன்ஜின் முன்னால், டிக்கி காலி. ஆள் ஏறாத வண்டியில் பின்சக்கரத்தின் மேல் பாரம் போதாது. அதனால் மழைக்காலத்தில் மலை ஏறும் டாக்சிக்காரர்கள் டிக்கியில் இரண்டு மணல் மூட்டை போட்டுக்கொள்வார்கள். இறுக்கிக் கட்டித்தான் போடுவார்கள். கட்டாத மூட்டை மூன்றாவது வளைவிலேயே ஒரு பக்கமாக ஒதுங்கி வண்டியைச் சாய்க்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது முன்சக்கர வண்டியை எங்கள் டிரைவர்கள் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். அதில் நியாயமும் இருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் பாரம் பின்னுக்குப் போகும். இழுக்க வேண்டிய முன்சக்கரம் லேசாகிவிடும்.

அடுத்த வித்தை ஹேண்ட் பிரேக். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துக்கொண்டு மெதுவாக ஆக்சிலேட்டரைக் கொடுப்பார்கள். சில சமயம் வண்டி நகர்ந்துவிடும். கணக்குப் பார்த்தால் இதில் பெரிய லாபம் இல்லை. பிரேக் இரண்டு சக்கரத்தையும் சமமாகப் பிடிக்கிறது. சுற்றும் பக்கம் கிடைத்ததை நிற்கும் பக்கம் தின்றுவிடும். வெறியாகச் சுற்றும் சக்கரம் கொஞ்சம் அடங்கிக் குழி தோண்டாமல் இருக்கும், அவ்வளவுதான். பழைய வில்லீஸ் வகை ஜீப்புகளில் அதுவும் கிடையாது. அவற்றின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலுக்கு முன்னால் சுழலும் தண்டில் இருந்தது. ஜீப்காரர்கள் அதனால்தான் டயரைச் சுற்றிச் சங்கிலி கட்டினார்கள். ஏலத்தோட்டத்து மண்பாதையில் சங்கிலி கட்டிய ஜீப் ஏறும்போது வரும் அந்தக் கடகடச் சத்தம் தோட்டப் பக்கம் போனவர்களுக்கு மறக்காது.

உண்மையான டிராக்‌ஷன் கண்ட்ரோல் நம் வயலிலேயே இருந்தது. டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலதுக்கு ஒரு பிரேக் என்று தனித்தனி பெடல். தொழி உழவில் ஒரு சக்கரம் புதைந்து சுற்றினால், டிரைவர் அந்தப் பக்கப் பிரேக்கை மட்டும் மிதிப்பார். தடை கிடைத்ததும் டிஃபரன்ஷியல் மற்றச் சக்கரத்துக்கும் அதே அளவு விசையைக் கொடுக்கும், டிராக்டர் எழுந்து வரும். இங்கிலாந்தில் சேற்று மேடு ஏறும் போட்டிகளுக்கென்றே செய்த கார்களில், பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி பிரேக் வைத்துக்கொண்டார்கள். அதுவும் இதே வித்தைதான். நம் கௌமாரியம்மன் தேரோட்டத்தில் கட்டை போடுகிறவரைப் பாருங்கள். எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில், எவ்வளவு என்பதுதான் அவருடைய தொழில். புது கார்களில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் அந்த ஆளின் வேலையைச் செய்கிறது.

அதன் வரலாறு நாம் நினைப்பதைவிடப் பழையது. 1971-லேயே அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் ‘மேக்ஸ் டிராக்’ என்ற ஒன்றை விற்றது. கார்புரேட்டர் வண்டி, பின்சக்கர வண்டி. பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றினால் ஸ்பார்க்கை விட்டுவிட்டு நிறுத்தி இன்ஜின் பலத்தைக் குறைக்கும். சில வருடங்களில் கைவிட்டுவிட்டார்கள். 1978-ல் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் மெர்சிடிஸ் காரில் வந்தது. சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கும் சென்சார் அதில் இருந்ததால், 1980-களின் பிற்பாதியில் அதன் மேலேயே டிராக்‌ஷன் கண்ட்ரோலைக் கட்டினார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது ஏபிஎஸ், வெறுமனே சுற்றாமல் பார்ப்பது இது.

பழைய வண்டிக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும் பெட்டிகளும் உண்டு. பிரிட்டனின் ரேஸ்லாஜிக் நிறுவனம் அப்படி ஒன்றை விற்றது. சக்கரம் சுற்றுவதைக் கண்டுபிடித்து, இன்ஜெக்டர்களை மாற்றி மாற்றி ஒரு கணம் நிறுத்தும். அம்பாசிடரில் எதை நிறுத்துவது? பழைய பெட்ரோல் வண்டியில் இன்ஜெக்டரே இல்லை. ப்யூக் செய்ததுபோல ஸ்பார்க்கை வெட்டலாம். அக்கா மகனுடையது டீசல். அதில் ஸ்பார்க்கும் கிடையாது. பம்ப் முழுக்க இரும்பும் ஸ்பிரிங்கும், ஒயர் கொண்டுபோய் மாட்ட இடம் இல்லை. சரி, பிரேக் வழியாகச் செய்யலாம் என்றால் பின் அச்சின் இரண்டு முனையிலும் பல்வளையமும் சென்சாரும் வேண்டும், ஹைட்ராலிக் பம்ப் வேண்டும், இரண்டு டிரம்முக்கும் தனிக்குழாய் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் அந்த எடைக்கும் அந்தப் பட்டை ஸ்பிரிங்குக்கும் பொருந்துகிற கணக்கு வேண்டும். வேறு காரின் பெட்டியைக் கழற்றி மாட்டினால் அது வேறு காரைத்தான் ஓட்டும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன் இருக்கும் பழைய வண்டியில் நடுவில் புது இணைப்புகளைப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு இணைப்பு ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும்.

டிஃபரன்ஷியலுக்குள் ஸ்டார் பினியனை வெல்டு வைத்துவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். சேற்றில் ஜோராகப் போகும். கொண்டை ஊசியில் டயர் கதறும், ஒருநாள் ஆக்சில் ஷாஃப்ட் முறியும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து, கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது.

ஆக, அவனை நல்ல டயர் போடச் சொன்னேன். பழைய 5.90-15 நைலான் டயர் ஈர ரோட்டில் சோப்பு மாதிரி. பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிதாக மாற்றினோம். அவன் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. பெட்டியில் விளக்கு எரிவதைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தான்.

அவனுக்குச் சொன்ன இன்னொரு விஷயத்தை இங்கேயும் சொல்ல வேண்டும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் ஏற்றத்துக்கும் கிளப்புவதற்கும்தான். இறக்கத்தில் இன்ஜின் சக்கரத்தைத் தள்ளவில்லையே, அது எதைக் கட்டுப்படுத்தும்? மணல் மூட்டையும் அப்படித்தான். ஏறும்போது உதவிய பாரம் இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளும்.

விடியற்காலையில் போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வரும். பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு என்று போகின்றன. காய் எடுப்பு ஆரம்பிப்பதே மழைக்காலத்தில்தான். பின்னால் அத்தனை பேர் நெருக்கி உட்கார்ந்திருப்பதால் சக்கரம் சுற்றாமல் கிண்ணென்று ஏறிவிடும். டிரைவரும் “லோடு இருந்தாத்தாண்ணே வண்டி நல்லாப் பிடிக்குது” என்பார். பொய்யில்லை. சாயங்காலம் அதே லோடோடு, அதே டிரம் பிரேக்கோடு, ஈர ரோட்டில் இறங்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது.

2019 ஏப்ரலிலிருந்து புதிதாக விற்கும் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். தோட்டத்துக்கு ஓடும் கமாண்டரும் மேஜரும் அதற்கு எவ்வளவோ முந்தியவை. சாயங்காலம் போடி முந்தலில் நின்று பாருங்கள். ஏறின கியரிலேயே இறங்கி வரும் ஜீப்பின் இன்ஜின் உறுமல், வண்டி கண்ணில் படுவதற்கு இரண்டு வளைவு முன்னாலேயே காதில் விழும். சத்தமே இல்லாமல் ஒன்று வந்தால், டிரைவரை நிறுத்தி ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். டிரம் ஆறுவதற்கு அந்த நேரம் போதும்.