புதுச்சேரி நீலத்துணியும் செயின்ட் லூயியில் ஒரு மலிவு அறையும்

ஜனவரியில் பத்து நாள் லீவு சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் நாலு நாளை செனகல் நாட்டின் செயின்ட் லூயி ஊரில் கழிப்பது என்று முடிவு. வீட்டில் சொன்னதும் வந்த முதல் கேள்வி, "ஏங்க, கடலும் வேணும், பிரெஞ்சுக்காரன் கட்டின வீடும் வேணும்னா பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினா போதாதா?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லப்போய்தான் இந்தக் கட்டுரை.

வழக்கம்போல ஒரு எக்செல் ஷீட் போட்டேன். முதல் வரி தங்குமிடம். செயின்ட் லூயியில் தங்க இரண்டு இடம் உண்டு. ஒன்று, செனகல் ஆற்றின் நடுவில் இருக்கும் தீவு. 1659ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்த இடம். 2000ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளூர்க்காரர்கள் வொலோஃப் மொழியில் ந்தார் என்பார்கள். இன்னொன்று, தீவுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவில் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் மணல்திட்டு. பெயர் லாங் தெ பார்பரி. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல். சில இடங்களில் ஐந்து நிமிஷம் நடந்தால் ஒரு தண்ணியிலிருந்து இன்னொரு தண்ணிக்குப் போய்விடலாம். மணல்திட்டின் வடபகுதி கெட் ந்தார் என்ற மீனவர் குப்பம். அதற்குத் தெற்கே இத்ரோபாஸ் என்ற பகுதியில்தான் நாலு அறை, பத்து அறை கொண்ட சின்னச் சின்ன கடற்கரை விடுதிகள்.

கையில் காசு கம்மியாக வைத்துக்கொண்டு தேடுகிற என்னைப் போன்றவனுக்கு இரண்டிலுமே இடம் கிடைக்கிறது. அங்கே புழங்கும் சேஃபா ஃபிராங்க் யூரோவோடு கட்டிப்போட்ட நாணயம். ஒரு யூரோவுக்கு 655.957 ஃபிராங்க், மாறாது. ரூபாய்க்கு எத்தனை ஃபிராங்க் என்று கிளம்பும்போது பார்த்து மனசில் வைத்துக்கொண்டால் கணக்கு ஓடிவிடும். 1994 ஜனவரியில் பிரெஞ்சு ஃபிராங்குக்கு எதிராக இதன் மதிப்பை ஒரே நாளில் பாதியாகக் குறைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்கு ஊர் சல்லிசானது, உள்ளூர்க்காரனுக்கு இறக்குமதி அரிசியும் மருந்தும் ஏறிப்போனது. நாம் 'பட்ஜெட் ஸ்டே' என்று சந்தோஷப்படுகிற விலைக்குப் பின்னால் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது. இருக்கட்டும்.

தீவில் இருக்கிற விடுதிகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு சந்தேகம். பல விடுதிகள் பழைய வியாபாரிகளின் வீடுகள். எல்லாம் ஒரே அமைப்பு. தெருவை ஒட்டிப் பெரிய கதவு, உள்ளே முற்றம், கீழ்த்தளத்தில் சன்னல் குறைவான நீளமான அறைகள், மாடியில் மர பால்கனியோடு குடும்பம் வாழ்ந்த இடம். கீழே சன்னல் ஏன் இல்லை? ஏனென்றால் அது கிடங்கு. கிடங்கில் என்ன இருந்தது?

ஆற்றின் மேல்பகுதியிலிருந்து வந்த பிசின் மூட்டை ஒரு பக்கம். அதை வாங்குவதற்கான நீலத்துணிக் கட்டு இன்னொரு பக்கம். அந்தத் துணி பாண்டிச்சேரித் துணி.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது.

பிரெஞ்சில் அந்தத் துணிக்குப் பெயர் கினே. கினி கடற்கரைக்குப் போகிற துணி என்பதால் அந்தப் பெயர். சோழமண்டலக் கரையில் நெய்த முரட்டுப் பருத்தித் துணி, அவுரியில் திரும்பத் திரும்ப முக்கி கிட்டத்தட்ட கறுப்பாகும் வரை நீலம் ஏற்றியது. நம் பக்கத்துச் சாயக்காரர்கள் தொட்டியில் அவுரியோடு சுண்ணாம்பும், வேகவைத்த தகரை விதையும் போட்டுப் புளிக்க வைப்பார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். துணியைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இது வேதியியல், மாயமில்லை. ஆனால் முதல் தடவை பார்க்கிறவன் வாயைப் பிளப்பான்.

18ஆம் நூற்றாண்டில் இந்தத் துணி போன வழி வேறு. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் லோரியான் துறைமுகம் போகும். நாந்த் நகரத்து அடிமை வியாபாரிகள் அதை ஏலத்தில் எடுத்து ஆப்பிரிக்கக் கரைக்கு ஏற்றுவார்கள். ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொண்டுபோன சரக்கில் இந்தியத் துணிக்குப் பெரிய பங்கு உண்டு. இரும்பு, துப்பாக்கி, பிராந்தி, மாலத்தீவுச் சோழி இவற்றோடு நம் துணியும் ஒரு விலை. ஆனந்தரங்கப் பிள்ளையை நாம் நாட்குறிப்புக்காகக் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். அவர் இளவயதில் பரங்கிப்பேட்டையில் கம்பெனிக்காகத் துணி நெய்து சாயமிடும் வேலையை மேற்பார்த்தவர். துணி எங்கே போய் என்னவாகிறது என்பது சோழமண்டலத்துத் தறிக்குழியில் உட்கார்ந்திருந்த நெசவாளிக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அவருக்கு வேண்டியது முன்பணம், நூல், ஒரு கட்டுக்கு இவ்வளவு என்ற கூலி. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த குடும்பம் என்னுடையது. அதனால் இந்த வரியை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

நெப்போலியன் சண்டைகளில் பாண்டிச்சேரி, செயின்ட் லூயி இரண்டையும் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி 1816ல் பாண்டிச்சேரி திரும்பக் கிடைத்தது, 1817 தொடக்கத்தில் செயின்ட் லூயி. அந்த செயின்ட் லூயியை எடுத்துக்கொள்ள ஆளுநரை ஏற்றிவந்த கப்பல்தான் மெதூசா. 1816 ஜூலை 2ஆம் தேதி ஆர்கான் மணல்மேட்டில் தரைதட்டியது. மிதவையில் ஏற்றிவிடப்பட்ட சுமார் 150 பேரில் மீட்கப்பட்டது 15 பேர். ழெரிக்கோ வரைந்த ஓவியம் பாரிஸ் லூவரில் இருக்கிறது. ஆளுநர் தனிப் படகில் பத்திரமாகக் கரை சேர்ந்தார் என்பதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

அடிமை வியாபாரம் சட்டப்படி தடையான பிறகு செயின்ட் லூயி பிழைத்தது பிசினால். ஆற்றுக்கு வடகரையில், இன்றைய மொரிட்டானியாவில், பாலைவன ஓரத்து வேலமரங்களிலிருந்து எடுக்கிற பிசின். டிரார்சா, பிராக்னா முதலான மூர் இனத்தார் அதை ஆற்றங்கரைச் சந்தைகளுக்குக் கொண்டுவருவார்கள். பதிலுக்கு அவர்கள் ஏற்றுக்கொண்டது காசு இல்லை, கினே துணி. சுமார் பதினைந்து மீட்டர் நீளமுள்ள ஒரு துண்டுதான் அங்கே பணம். கடன், வரி, தலைவர்களுக்குத் தரவேண்டிய காணிக்கை எல்லாம் 'இத்தனை துண்டு' என்ற கணக்கு.

போலியும் வந்தது. ரூவான் நகர ஆலைகளும் பிறரும் அதே மாதிரி நீலத்துணியை இயந்திரத்தில் நெய்து அனுப்பிப் பார்த்தார்கள். மூர்கள் துணியைத் தடவி, மோந்து பார்த்து, அசல் பாண்டிச்சேரிதானா என்று சொல்லிவிடுவார்களாம். உடம்பில் நீலம் ஒட்டவேண்டும், அதுதான் நல்ல துணிக்கு அடையாளம். 'நீல மனிதர்கள்' என்று பாலைவனத்தாரைப் பற்றிச் சுற்றுலாப் புத்தகங்களில் படிக்கிறோமே, அந்த நீலத்தில் நம்ம ஊர் அவுரியும் உண்டு. இந்தச் சந்தையை நம்பித்தான் 1820களின் கடைசியில் பாண்டிச்சேரியில் சவானா ஆலை எழுந்தது. 1840களில் நீளம், எடை குறைந்த துணிக்கு முத்திரை கிடையாது என்று அரசாங்கமே தரக்கட்டுப்பாடு கொண்டுவந்தது. என் வேலையில் 'க்யூஏ சைன் ஆஃப்' என்போமே, அதேதான்.

துணி நேராக ஆப்பிரிக்கா போகவில்லை என்பதையும் கவனியுங்கள். பாண்டிச்சேரியிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி போர்தோ. அங்கே கிடங்கு. அங்கிருந்து மறுபடி தெற்கே இறங்கி செயின்ட் லூயி. லாபம் போர்தோ வணிகக் கம்பெனிகளுக்கு. 1830களில் அளவுக்கு மீறித் துணியை இறக்கியதில் அதன் மதிப்பு சரிந்தது. நோட்டு அதிகமாக அச்சடித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. கடனுக்குத் துணி எடுத்து ஆற்றின் மேலே போன செயின்ட் லூயியின் உள்ளூர் இடைவியாபாரிகள், கலப்பினத்தாரும் கறுப்பின முஸ்லிம்களும், கடனில் மூழ்கினார்கள். இப்போது விடுதியாகியிருக்கும் சில வீடுகள் அந்தச் சமயத்தில் கை மாறியிருந்தால் ஆச்சரியமில்லை. இந்த வீடுகளில் வேலை செய்தவர்களும், ஆற்றில் படகு வலித்தவர்களும் பெரும்பாலும் அடிமைகள். அவர்களுக்கு விடுதலை 1848ல்தான் வந்தது.

சரி, அந்தப் பிசினை வாங்கி ஐரோப்பா என்ன செய்தது? மருந்து, மிட்டாய் ஒரு பக்கம். பெரிய செலவு துணி ஆலைகளில். அச்சுத்துணி போடும்போது சாயம் பரவாமல் கெட்டியாக நிற்கப் பிசின் வேண்டும். அதாவது, நம் நெசவாளி நெய்த துணி கொடுத்து வாங்கிய பிசின், நம் நெசவாளியின் பிழைப்பைக் கெடுத்த ஆலைத்துணியை அச்சடிக்கப் போனது. இதை முதலில் புரிந்துகொண்டபோது ராத்திரி ஒரு மணி. லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நடந்தேன்.

ஆக, தீவில் இரண்டு ராத்திரி. அதுவும் கிடங்கு அறை உள்ள வீட்டில். கீழ்த்தள அறைகள் வாடகையும் கம்மி, காரணம் இப்போது புரிகிறது. 1930 மே மாதம் தபால் விமானத்தில் இங்கிருந்து பிரேசிலின் நாத்தாலுக்குப் பறந்த மெர்மோஸ் தங்கிய ஓட்டல் தெ லா போஸ்த் இன்னும் நடக்கிறது. நமக்கு அதெல்லாம் வெளியே நின்று போட்டோ எடுக்க மட்டும். பக்கத்திலேயே 1897ல் திறந்த ஃபெதெர்ப் பாலம். டான்யூப் நதிக்குச் செய்த பாலம் தவறி இங்கே வந்துவிட்டது என்று கைடுகள் சொல்வார்களாம். கதை. நம்பவேண்டாம். பாலத்துக்குப் பெயர் கொடுத்த ஆளுநர் ஃபெதெர்பின் சிலையை 2020ல் சதுக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மீதி இரண்டு ராத்திரி மணல்திட்டில். இங்கேதான் எனக்கு உண்மையான தயக்கம். 2003 அக்டோபரில் ஆறு பெருகி ஊர் மூழ்கும் நிலை வந்தபோது, தண்ணீரைக் கடலுக்கு விட ஊருக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டரில் மணல்திட்டில் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அகலம் நாலே மீட்டர். ஊர் தப்பித்தது. ஆனால் வாய்க்கால் சில நாளிலேயே நூற்றுக்கணக்கான மீட்டராக அகன்றது, பிறகு கிலோமீட்டர் கணக்கில். பழைய முகத்துவாரம் மண்மூடிப் போயிற்று. தூன் பாபா தியே என்ற மீனவ கிராமம் கடலுக்குள் போனது. உப்பு ஏறிய மண்ணில் காய்கறித் தோட்டங்கள் கருகின. தெற்கே இருந்த சுற்றுலாக் குடில்களும் தப்பவில்லை. வடக்கே கெட் ந்தாரில் 2017, 2018ல் அலை வீடுகளைத் தின்றது, குடும்பங்களை உள்ளே தள்ளிக் குடியேற்றினார்கள். கடலில் போய் மீன் கொண்டுவருகிறவனைக் கடலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளி வைப்பது என்றால் என்னவென்று சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பார்த்திருக்கிறோம்.

அந்த மணலில் 'சீ வியூ' கேட்டு ரூம் போடுவது சரியா என்று ஒரு வாரம் யோசித்தேன். போகிறது என்றே முடிவு. பத்து அறை விடுதியில் சமைக்கிறவர், குதிரைவண்டி ஓட்டுகிறவர், மீன் கொடுக்கிறவர் எல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள். பெரிய ரிசார்ட்டில் நான் கொடுக்கும் பணம் அவர்கள் கைக்குப் போகாது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். இந்தியாவிலிருந்து நேர் விமானம் கிடையாது. டக்கார் விமான நிலையம் 2017 டிசம்பர் முதல் ஊருக்கு வெளியே தியாஸில். டக்காரிலிருந்து செயின்ட் லூயி 260 கிலோமீட்டர் சொச்சம். ஏழு பேர் ஏறினால் கிளம்பும் பழைய பெஜோ ஷேர் கார்தான் மலிவு. பின்சீட் கிடைத்தால் முட்டி காலி, சீக்கிரம் போய் நடுசீட் பிடிக்கவும். நவம்பர் முதல் மே வரை நல்ல காலம், நடுவில் சகாராத் தூசிக்காற்று வரும். கடலில் இழுப்பு அதிகம், குளிக்கிறவர்கள் விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்கவும். கெட் ந்தார் கரை மீனவர்களின் வேலையிடம், அங்கே துண்டு விரித்துப் படுக்கிற சமாச்சாரமெல்லாம் வேண்டாம். கேட்காமல் படம் எடுக்கவும் கூடாது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. அவர்கள் தேசிய உணவான செபு ஜென் மீனும் காய்கறியும் தக்காளியும் சேர்த்துச் செய்கிற சோறு. அதற்கு அவர்கள் விரும்புவது நொய்யரிசி. பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து கப்பல் கப்பலாக நொய்யைக் கொண்டுவந்து கொட்டியதில் வந்த பழக்கம். 'நொய்யா? அது கஞ்சிக்குத்தானே' என்றார் வீட்டில். முழு அரிசி கொடுத்தாலும் நொய்யைத்தான் கேட்பார்கள் என்றேன். நம்பவில்லை.

ஷீட்டில் கடைசியாக இரண்டு வரி பாக்கி. ஒன்று, செயின்ட் லூயி சந்தைத் துணிக்கடையில் 'கினே' என்று கேட்டுப் பார்ப்பது. இன்னொன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்கவேண்டும், அட்டை இல்லாமல் திரும்பினால் இங்கே ஏர்போர்ட்டிலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி உட்காரவைத்துவிடுவார்கள். அடுத்த வாரம் இரண்டு பேரும் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போகிறோம்.