சிப்பாய் கொடுத்த வாடகை

அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூன்றாவது திருத்தத்தை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அமைதிக் காலத்தில், வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் எந்தச் சிப்பாயையும் அவர் வீட்டில் தங்கவைக்கக் கூடாதாம். இதுக்குப் போய் ஒரு திருத்தமா? 1765ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தன் படைக்கு இடம், விறகு, மெழுகுவர்த்தி எல்லாம் அமெரிக்கக் காலனிக்காரர்களே தரணும்னு சட்டம் போட்ட கதை தெரிந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. 1791ல் வந்த அந்தத் திருத்தம் சிப்பாயிடமிருந்து குடிமகனைக் காப்பாற்றியது.

அப்படியானால் சிப்பாய்க்கு வீடு தருவது யார்? இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெரிய நிரந்தரப் படை, கூடவே குடும்பங்கள். 1949ல் செனட்டர் கென்னத் வெர்ரி ஒரு வழி சொன்னார். ராணுவ நிலத்தைத் தனியார் குத்தகைக்கு எடுத்து வீடு கட்டலாம், கடனுக்கு அரசு காப்பீடு தரும், சிப்பாய் வாடகை கொடுப்பார். வீடுகள் சின்னதாக வந்தன, பராமரிப்பு சொல்லும்படி இல்லை. 1955ல் கேப்ஹார்ட் சட்டம் வந்தது. இனி தனியார் கட்டட்டும், ராணுவமே வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். வெர்ரி வீடுகளில் பெரும்பாலானவற்றையும் ராணுவமே விலைக்கு வாங்கிக்கொண்டது.

நாற்பது வருஷத்தில் அந்தப் பாடம் மறந்துபோனது. 1990களில் ராணுவ வீடுகள் பாழாகிக் கிடந்தன. அரசே சரிசெய்தால் 2000 கோடி டாலர் ஆகும், முப்பது வருஷத்துக்கு மேல் பிடிக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1996ல் மறுபடியும் தனியாரிடம் போனார்கள். பெரும்பாலும் 50 வருஷக் குத்தகை. இன்று உள்நாட்டில் இருக்கும் ராணுவக் குடும்ப வீடுகள் அநேகமாக எல்லாமே தனியார் கையில். சிப்பாயின் வீட்டுப்படி வாடகையாக நேரே நிறுவனத்துக்குப் போய்விடும். கூரை ஒழுகுதேன்னு வாடகையை நிறுத்திவைக்கப் பார்த்தால், பணம் அவர் கையைத் தொட்டிருக்கவே இருக்காது.

பழுதை நேரத்துக்குச் சரிசெய்தால் நிறுவனத்துக்குத் தனியாக ஊக்கத்தொகை உண்டு. வினை இங்கேதான். நேரத்துக்குச் செய்தார்களா என்பதைப் பதிவேடு சொல்லும், பதிவேட்டை எழுதுவது யார்? அதே நிறுவனம்! பால்ஃபர் பீட்டி கம்யூனிட்டீஸ் 2013 முதல் 2019 வரை பழுதுபார்ப்புத் தகவல்களைத் திருத்தியது. குடியிருந்தவர்கள் எழுதிக்கொடுத்த கருத்து அட்டைகளைக்கூட அழித்தது, போலியாகத் தயாரித்தது. 2021 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதமும் இழப்பீடுமாக 6.5 கோடி டாலருக்கு மேல்.

ஈயப் பெயின்ட், பூஞ்சை, எலி பற்றியெல்லாம் 2018ல் ராய்ட்டர்ஸ் எழுதியது. 2019 பிப்ரவரியில் செனட் குழு முன்னால் போய்ப் பேசியவர்கள் சிப்பாய்களின் துணைவியர். சீருடைக்காரர் புகார் சொன்னால் மேலதிகாரி முகம் எப்படிப் போகும் என்ற பயம் இருக்கும். வீட்டிலிருப்பவருக்கு அந்தத் தளை கொஞ்சம் குறைவு.

அந்த ஆண்டு இறுதியில்தான் ராணுவக் குடித்தனக்காரர்களின் உரிமைப் பட்டியல் சட்டமானது. தகராறு தீரும்வரை வாடகையை நிறுத்திவைக்கக் கோரும் உரிமை அதில் இருக்கிறது. வெளியே குடியிருக்கிற பலருக்கு இப்படி ஒரு வழி ஏற்கெனவே உண்டு.

மூன்றாவது திருத்தத்தைப் பார்த்து இப்போது சிரிப்பதில்லை. வீட்டுக்காரரைச் சிப்பாயிடமிருந்து காப்பாற்ற 1791லேயே சட்டம் வந்துவிட்டது. சிப்பாயை வீட்டுக்காரரிடமிருந்து காப்பாற்ற இன்னும் 228 வருஷம் ஆகியிருக்கிறது.