வேளாவும் உழுவையும்

உவரிக் கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்குப் பாரையும் சீலாவும் பழகிய மீன்கள். எப்போதாவது வலையிலோ தூண்டிலிலோ வந்து, சுறா என்று எண்ணவைக்கும் மீன்கள் இரண்டு உண்டு: வேளா, உழுவை. இரண்டுக்கும் சுறாவைப் போல நீண்ட உடல், முதுகில் நிமிர்ந்த இரு துடுப்புகள். ஆனால் செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருக்காது, வயிற்றுப்புறத்தில் இருக்கும். திருக்கைக் குலத்தின் அடையாளம் அது. இரண்டும் குட்டி போடுபவை. இரண்டும் மணல் தரையை ஒட்டியே இரை தேடுபவை.

வேளாவுக்கு அதன் கொம்பே பேர் வாங்கித் தந்தது. பட்டினப்பாலையில் பரதவர் சினைச்சுறாவின் கோட்டை நட்டு வழிபடுகிறார்கள். நம் கடலில் கொம்புடைய சுறா என்று சொல்லத்தக்கது வேளாதான் என்பதால், அந்தக் கோடு இதனுடையதாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இருபுறமும் பல் வரிசை கொண்ட அந்த நீண்ட மூக்கு வெறும் ஆயுதம் இல்லை. இரையின் உடலிலிருந்து கசியும் மெல்லிய மின்புலத்தை உணரும் நுண்துளைகள் அதில் நிறைந்திருக்கின்றன. கலங்கல் நீரிலும் மீன் இருக்குமிடம் வேளாவுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஒரு வீச்சில் அடித்துவிடும். பிறக்கும்போது தாயைக் கிழித்துவிடாதபடி குட்டியின் கொம்பை ஓர் உறை மூடியிருக்கும்.

அதே கொம்புதான் அதற்கு எமனும் ஆனது. நைலான் வலை வந்தபின், உரசிப் போகிற வேளாவுக்குக்கூட விடுதலை இல்லை. பல் ஒவ்வொன்றும் ஒரு கண்ணியில் மாட்டும். உலகில் உள்ள ஐந்து வேளா இனங்களும் இன்று அழியும் நிலையில் உள்ளன. நம் கரையில் ஒன்று பிடிபட்டாலே செய்தியாகிறது.

உழுவைக்குக் கொம்பு கிடையாது. ஆப்பு வடிவத் தலை, சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், நண்டையும் சிப்பியையும் நொறுக்கும் தட்டையான பற்கள். அதை அழிப்பது அதன் துடுப்பு. துடுப்புச் சூப்புக்கான உலகச் சந்தையில் மிக உயர்ந்த விலை பெறுபவற்றுள் உழுவைத் துடுப்பும் ஒன்று. இந்தியா 2015-இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியைத் தடைசெய்தது. 2019-இல் உழுவை இனங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. வேளாவுக்கு அந்தக் காவல் 2007-லேயே தொடங்கிவிட்டது.

நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இரண்டும் 2001-இல் ஒன்றாகவே ஏறின. ஆனால் உழுவைக்கு அப்போது எழுதப்பட்ட அறிவியல் பெயர் மேற்கு இந்தியப் பெருங்கடலின் இனம் ஒன்றுக்குரியது. நம் பக்கம் பிடிபடுபவை அதன் உறவினங்கள் என்று பின்னர் ஆய்வாளர்கள் பிரித்தறிந்தார்கள். காகிதத்தில் நேர்ந்த இந்தக் குழப்பம் எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை. வேளாவைக் குழந்தையும் அடையாளம் சொல்லும். உழுவையோ ஏலக்கூடத்தில் 'சுறா' என்ற ஒரே சொல்லுக்குள் காணாமல் போகிறது. சட்டத்தில் பெயர் குழம்பிய, ஊரும் சரியாகப் பெயர் சொல்லாத மீனை யார் காப்பது? வேளாவைவிட உழுவைக்கே இப்போது நம் கவனம் அதிகம் தேவை என்பேன். வேளாவுக்கு நாம் விழித்தபோது நேரம் கடந்துவிட்டது. உழுவை இன்னும் தூண்டிலுக்கு வருகிற அளவுக்கேனும் மிஞ்சியிருக்கிறது.

வந்தால் விட்டுவிடுங்கள். கண்ணுக்குப் பின்னால் உள்ள துளைவழியாக நீரை இழுத்து, மணலில் படுத்தபடியே மூச்சுவிட வல்ல மீன் அது. படகில் ஏற்றாமல், வாலைப் பிடித்துத் தூக்காமல், நீரிலேயே வைத்துத் தூண்டில் நரம்பை முள்ளுக்கு அருகில் அறுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. வேளா வலையில் சிக்கினால் கொம்பை வெட்டாதீர்கள், வலையை வெட்டுங்கள்.