பிரிஸ்டல் புல்தரை டென்னிஸ் போட்டியும் சென்னை ஆட்டக்காரர்களும்

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள துறைமுக நகரம் பிரிஸ்டல். அங்கே ரெட்லண்ட் கிரீன் புல்தரைகளில் ஜூன் மாதந்தோறும் நடந்துவந்த ஆண்கள் டென்னிஸ் போட்டி 1989ஆம் ஆண்டோடு நின்றுபோனது. 1980களில் அது கிராண்ட் பிரீ என்ற உலகத் தொழில்முறைச் சுற்றில் இடம்பெற்றிருந்தது. அதன் கடைசி நான்கு இறுதியாட்டங்களில் இரண்டில் சென்னையைச் சேர்ந்தவர்கள் ஆடினார்கள்: 1986இல் விஜய் அமிர்தராஜ், 1988இல் ரமேஷ் கிருஷ்ணன். தமிழில் எழுதப்படும் டென்னிஸ் வரலாறு விம்பிள்டனையும் டேவிஸ் கோப்பையையும் தாண்டி அதிகம் போவதில்லை. அதனால் இந்தச் சிறு போட்டி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

போட்டியின் வேர் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1877இல் விம்பிள்டன் தொடங்கிய பின் இங்கிலாந்தின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒரு சாம்பியன்ஷிப்பை ஏற்படுத்திக்கொண்டது. வடக்குக்கு ஒன்று, கென்ட்டுக்கு ஒன்று என்று பெருகிய அந்த வரிசையில் வந்ததுதான் மேற்கு இங்கிலாந்து சாம்பியன்ஷிப். பிரிஸ்டல் போட்டி அதன் வழித்தோன்றல். அந்தக் காலத்தில் டென்னிஸ் என்றாலே புல்தரைதான். 1974 வரைகூட நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் மூன்று புல்தரையில் நடந்தன; பிரெஞ்சுப் போட்டி மட்டுமே செம்மண்ணில். அமெரிக்க ஓபன் 1975இல் மண்தரைக்கும் 1978இல் கடினத் தரைக்கும் மாறியது. ஆஸ்திரேலிய ஓபன் 1988இல் மெல்போர்னின் புதிய அரங்குக்குப் போனபோது புல்லைக் கைவிட்டது. பிரிஸ்டல் சர்வதேசச் சுற்றில் இடம்பிடித்த பத்தாண்டு, புல்தரை ஆட்டமே சுருங்கிவந்த பத்தாண்டாகவும் அமைந்துவிட்டது.

நாட்காட்டியில் அதற்குக் கிடைத்த இடமும் சிக்கலானது. பிரெஞ்சு ஓபன் முடிவதற்கும் விம்பிள்டன் தொடங்குவதற்கும் இடையே அன்று இரண்டே வாரங்கள் இருந்தன. முதல் வாரம் லண்டன் குவீன்ஸ் கிளப்புக்கு, இரண்டாம் வாரம் பிரிஸ்டலுக்கு. பெரிய போட்டிக்கு முந்தைய வாரத்தில் முன்னணி வீரர்கள் ஓய்வெடுக்கவே விரும்புவார்கள். குவீன்ஸில் சீக்கிரம் தோற்றவர்கள், புல்லில் இன்னும் சில ஆட்டம் ஆடிப் பழக நினைத்தவர்கள், புல்தரைக்கென்றே வாய்த்த கைகள் ஆகியோரே பிரிஸ்டலுக்கு வந்தார்கள். ஜூன் மழை வேறு குறுக்கிடும். தார்ப்பாயை விரிப்பதும் சுருட்டுவதுமாகவே சில நாட்கள் கழியும்.

வென்றவர்களின் பெயர்களே போட்டியின் குணத்தைச் சொல்லிவிடுகின்றன. 1981இல் ஆஸ்திரேலியாவின் மார்க் எட்மண்ட்சன், 1982இல் அதே நாட்டின் ஜான் அலெக்சாண்டர், 1983இலும் 1984இலும் யோஹான் க்ரீக், 1985இல் அமெரிக்காவின் மார்ட்டி டேவிஸ், 1987இல் நியூசிலாந்தின் கெல்லி எவர்ன்டன். எட்மண்ட்சனும் க்ரீக்கும் புல்தரைக் காலத்து ஆஸ்திரேலிய ஓபனை வென்றவர்கள். அந்த ஆண்டுகளில் பிரிஸ்டல் கோப்பையைத் தூக்கிய எவரும் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தைத் தொட்டதில்லை. அதனால் அதை விம்பிள்டனுக்கான ஒத்திகை என்று மட்டும் பார்ப்பது சரியாகாது. சர்வீஸ் போட்ட கையோடு வலைக்கு ஏறி வாலி அடிப்பவர்களுக்கு எஞ்சியிருந்த சில களங்களில் அது ஒன்று.

சென்னை ஆட்டக்காரர்களுக்கு அந்தக் களம் பொருந்தியதற்குக் காரணம் உண்டு. இந்திய டென்னிஸ் நீண்ட காலம் புல்லைச் சார்ந்தே வளர்ந்தது. 1920இல் தொடங்கிய கல்கத்தா சவுத் கிளப்பும் டெல்லி ஜிம்கானாவும் அதன் மையங்கள். வெப்ப நாடுகளின் புல்தரைகளில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது அருகம்புல் இனம். சுவாமிமலை, கும்பகோணம் பக்கத்து வரப்புகளில் யாரும் நடாமல் மண்டுகிறதே, பிள்ளையாருக்குச் சாத்துகிறார்களே, அதே புல். இங்கிலாந்தில் ரை புல். இனம் வேறானாலும் இரண்டிலும் பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு வரும். ஓங்கி அடிக்கும் பலத்தைவிட, பந்தை முன்னதாகவே சந்திக்கும் கையும் நுணுக்கமும் அங்கே பலன் தரும். இந்த வித்தையை உலகுக்குக் காட்டியவர் ராமநாதன் கிருஷ்ணன். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம், 1959இல் குவீன்ஸ் கிளப் பட்டம், 1960, 1961 இரு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி என அவர் போட்ட பாதையில்தான் அடுத்த தலைமுறை நடந்தது.

விஜய் அமிர்தராஜ் 1986 ஜூனில் பிரிஸ்டலுக்கு வந்தபோது அவருக்கு வயது 32. 1973இலும் 1981இலும் விம்பிள்டன் காலிறுதி வரை போனவர். அமெரிக்காவின் நியூபோர்ட் புல்தரைப் போட்டியை 1976, 1980, 1984 என மூன்று முறை வென்றவர். ஆனாலும் உச்ச ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதே பொதுவான கணிப்பு. இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் பிரான்சின் இடக்கை வீரர் ஆன்ரி லெகோன்ட். அவர் அதே மாதம் பிரெஞ்சு ஓபன் அரையிறுதி ஆடிவிட்டு வந்திருந்தார். முதல் செட்டை அமிர்தராஜ் டைபிரேக்கரில் எடுத்தார். இரண்டாவதை லெகோன்ட் 6-1 என்று எளிதாகப் பறித்தார். மூன்றாவது செட் 8-6 என்று அமிர்தராஜ் பக்கம் சாய்ந்தது. தோற்ற லெகோன்ட் அடுத்து விம்பிள்டனில் அரையிறுதி வரை போய் போரிஸ் பெக்கரிடம் வீழ்ந்தார் என்பதை வைத்து இந்த வெற்றியை எடைபோட வேண்டும். அமிர்தராஜின் கடைசி ஒற்றையர் பட்டம் இதுதான். அவருடைய பட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே எனலாம்.

அதே 1986இல் கிருஷ்ணனின் மகன் ரமேஷ் விம்பிள்டன் காலிறுதியை எட்டினார். சர்வீஸில் வேகம் கிடையாது; பந்தை வைக்கும் இடத்தாலேயே எதிராளியை ஓடவிடுவார். மறு ஆண்டு அக்டோபரில் சிட்னியின் வைட் சிட்டி புல்தரையில் இந்தியா ஆஸ்திரேலியாவை 3-2 என்று டேவிஸ் கோப்பை அரையிறுதியில் வென்றது. தீர்மான ஆட்டத்தில் வாலி மசூரை வீழ்த்தியவர் ரமேஷ்தான். டிசம்பரில் நடந்த இறுதிச்சுற்றில் சுவீடன் தன் ஊரில் மண்தரை போட்டு 5-0 என்று முடித்துக்கொண்டது. தரை மாறினால் கணக்கு எப்படி மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1988 பிரிஸ்டல் இறுதியாட்டத்தில் ரமேஷ், ருமேனியாவில் பிறந்து மேற்கு ஜெர்மனிக்காக ஆடிய கிறிஸ்டியன் சச்சியானுவிடம் தோற்றார். 1989இல் இன்னொரு மேற்கு ஜெர்மானியரான எரிக் யேலன் வென்றார். அதுவே கடைசிப் போட்டி.

போட்டி நின்றதற்கு ஆட்டத்தின் தரம் காரணமல்ல, நிர்வாக மாற்றமே காரணம். வீரர்கள் சங்கமான ஏடிபி, 1988 அமெரிக்க ஓபனின்போது வாகன நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டுத் தனிச் சுற்றை அறிவித்தது. 1989 முடிவில் கிராண்ட் பிரீ கலைந்து 1990இல் ஏடிபி சுற்று தொடங்கியது. புதிய நாட்காட்டியில் பிரிஸ்டல் இல்லை. இங்கிலாந்தின் இரண்டாவது ஆண்கள் புல்தரைப் போட்டி மான்செஸ்டருக்குப் போனது. முதல் ஆண்டு அதை வென்றவர் பீட் சாம்ப்ராஸ். நெதர்லாந்தின் ரோஸ்மாலனும் அதே ஆண்டு சேர்ந்தது. மான்செஸ்டரும் நிலைக்கவில்லை, 1995இல் அதன் இடம் நாட்டிங்ஹாமுக்கு மாறியது.

இந்தியாவிலும் காற்று அதே திசையில்தான் அடித்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை நடந்த ஏடிபி போட்டி கடினத் தரையில் ஆடப்பட்டது. பின்பு அது புனேவுக்குப் போய், 2023க்குப் பின் அங்கும் இல்லாமல் போனது. புல்தரை, டேவிஸ் கோப்பையில் எப்போதாவது எடுக்கும் ஆயுதமாகச் சுருங்கிவிட்டது: 2019இல் கல்கத்தாவில் இத்தாலிக்கு எதிராகத் தோல்வி, 2022இல் டெல்லி ஜிம்கானாவில் டென்மார்க்குக்கு எதிராக வெற்றி.

ரமேஷின் பிரிஸ்டல் இறுதியாட்டத்துக்கு 30 ஆண்டுகள் கழித்து, சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2018 நியூபோர்ட் புல்தரைப் போட்டியின் இறுதிக்கு வந்து ஸ்டீவ் ஜான்சனிடம் தோற்றார். அந்த நியூபோர்ட் போட்டியும் 2025இல் ஏடிபி சுற்றிலிருந்து இறங்கிச் சேலஞ்சர் நிலைக்குப் போய்விட்டது.