இணையவழிக் குரல் கலந்துரையாடலும் பேச்சுமுறையும்

1974ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகள் நடந்தன. உரையாடலில் பேசும் முறை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வாறு மாறுகிறது என்பதை விளக்கிச் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகியோர் எழுதிய கட்டுரை 'லாங்குவேஜ்' இதழில் வெளிவந்தது. அதே மாதத்தில் கலிபோர்னியாவின் கல்லர்-ஹாரிசன் நிறுவனத்திற்கும் மாசசூசெட்சின் லிங்கன் ஆய்வகத்திற்கும் இடையே, நேரியல் முன்கணிப்புக் குறியாக்கத்தால் சுருக்கப்பட்ட பேச்சு அர்ப்பாநெட் கணினி வலையின் வழியே இருபுறமும் சென்றது. காலப்பொருத்தம் தற்செயலே. எனினும் மொழியியலார் எழுப்பிய வினாவையே பொறியாளரும் விரைவில் எதிர்கொள்ள நேர்ந்தது.

தொலைபேசி ஓர் உரையாடலுக்கெனத் தனிவழியை முழு நேரமும் ஒதுக்கிவந்தது. கணினி வலையோ பேச்சைச் சிறு பொட்டலங்களாக்கித் தனித்தனியே அனுப்புகிறது. எண்முறைத் தொலைபேசிக்கு நொடிக்கு 64,000 பிட் வேண்டும். அர்ப்பாநெட்டின் இணைப்புகளோ ஏறத்தாழ 50,000 பிட் மட்டுமே சுமந்தன, அதனையும் பலர் பகிர்ந்துகொண்டனர். ஆகவே ஒலியலையை அப்படியே அனுப்பாமல், குரல்வளை அதிர்வையும் வாய்க்குழலின் வடிவத்தையும் குறிக்கும் எண்கள் மட்டும் அனுப்பப்பட்டன. நொடிக்கு 3,500 பிட் போதுமாயிற்று. ஒலிப்பியல் கற்றோர், ஒலிமூலமும் வடிகட்டியும் என்னும் பழைய கோட்பாட்டின் செயல்வடிவமாக இதனை எளிதில் இனங்காண்பர்.

ஒரு தொண்டையையும் ஒரு வாயையும் கருதி அமைந்த இக்குறியாக்கம் இரு குரல்களைக் கலந்து காட்ட வல்லதன்று. 1976 ஜனவரியில் மேற்கூறிய இரு நிறுவனங்களோடு தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனமும் எஸ்.ஆர்.ஐ. நிறுவனமும் சேர்ந்து கலந்துரையாடியபோது ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயன்றது. பேசும் வாய்ப்பை வழங்கும் பொறுப்பு 'சேர்மன்' எனப்பட்டது; அது மனிதரன்று, கணினி நிரல். இயல்பான உரையாடலில் இத்தகைய நடுவர் இல்லை. பேசுபவர் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கிறார். இல்லையேல் ஒருவர் தாமே முன்வருகிறார். அதுவும் இல்லையேல் பேசியவரே தொடர்கிறார். விவாதம், சடங்கு போன்றவற்றைப் பேச்சுமுறை முன்னரே பங்கிடப்பட்ட வேறு வகைகளாகச் சாக்ஸ் முதலியோரே பிரித்துக் காட்டினர். பொறியாளர் கணினிக்குக் கற்பித்தது உரையாடலையன்று, அவைக் கூட்டத்தையே எனலாம்.

இத்துறையில் வழங்கும் 'ஃப்ளோர்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் 'தளம்' என்று பெயர்ப்பது பொருந்தாமைக்குக் காரணமும் இதுவே. அச்சொல் ஆங்கில மன்ற வழக்கிலிருந்து வந்தது; தரையைக் குறிப்பதன்று. தமிழ் அவை வழக்கில் உறுப்பினருக்குப் 'பேச வாய்ப்பு' அளிக்கப்படுகிறது. 'வாய்ப்பு வழங்கல்' என்றால் சொல்லும் செயலும் ஒருங்கே விளங்கும்.

1992 மார்ச்சில் சான் டியாகோவில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் குரல் மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்பட்டது. இம்முயற்சிகளின் பயனாக 1996 ஜனவரியில் ஆர்.டி.பி. நெறிமுறை வெளியாயிற்று. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க இரு கலைச்சொற்கள் அதில் உள்ளன: 'மிக்சர்', 'டிரான்ஸ்லேட்டர்'. பின்னது ஒலியின் குறியாக்கத்தை மாற்றலாம். பேசுபவரின் அடையாள எண்ணை மாற்றாது. முன்னது பல குரல்களைக் கலந்து தன் எண்ணையே இடுகிறது. பங்களித்தோர் எண்களை, 15 பேர் வரை, பட்டியலாக உடன் வைக்கிறது. மூலத்தவரின் பெயரைக் காப்பவனே மொழிபெயர்ப்பாளன் என்னும் கருத்தைப் பொறியாளர் எங்கிருந்தோ பெற்றிருக்கின்றனர்.

ஆயின் சாதாரணத் தொலைபேசியில் கேட்பவருக்கு அப்பட்டியல் கிட்டுவதில்லை. நுழைவாயில் கருவி அவருக்குக் கலவை ஒலியை மட்டுமே தருகிறது. கணினி முன் இருப்பவர் திரையில் பெயரைக் காண, தொலைபேசியில் இருப்பவர் குரலால் ஆளை உய்த்துணர வேண்டியுள்ளது. இந்தியாவில் இவ்விரு சாராரும் கூடுவதற்கு நெடுங்காலம் சட்டமும் இடங்கொடுக்கவில்லை. 2002 ஏப்ரல் 1 முதல் இணையச் சேவை உரிமம் பெற்றோர்க்குக் கிடைத்த இசைவு, கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசியை அழைக்க விட்டது; உள்நாட்டுத் தொலைபேசியை அழைக்க விடவில்லை. 2018இல்தான் விதிகள் திருத்தப்பட்டுத் தொலைபேசி எண்வழி இணைய அழைப்பு வெளிப்படையாக ஏற்கப்பட்டது.

காலத்தாழ்வு மற்றோர் இடர். ஒருவழித் தாழ்வு 150 மில்லிநொடிக்குள் இருப்பது நன்று, 400ஐக் கடப்பது ஏற்கத்தக்கதன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறை. 2009இல் ஸ்டிவர்சும் பிறரும் பத்து மொழிகளில் வினாவுக்கும் விடைக்கும் இடையிலான இடைவெளியை அளந்தபோது சராசரி ஏறத்தாழ 200 மில்லிநொடியாக இருந்தது. வலை சேர்க்கும் தாழ்வு இவ்விடைவெளியையே விழுங்கிவிடுகிறது. இருவர் ஒருசேரத் தொடங்கி ஒருசேர நிறுத்துகின்றனர். அப்பத்து மொழிகளுள் இந்திய மொழி ஒன்றும் இல்லை.

தமிழுக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. நேரில் 'நீங்கள் சொல்லுங்கள்' என்றால் பார்வையே ஆளைத் தேர்ந்துவிடும். பார்வையற்ற குரல் கூட்டத்தில் 'நீங்கள்' மதிப்பொருமையா பன்மையா என்பது தெளிவதில்லை. ஆங்கில 'யூ'வுக்கும் இக்குறை உண்டு. ஆயின் ஆங்கிலத்தார் பெயரை மட்டும் சொல்லி எளிதில் கடந்துவிடுவர். ஒருமையென்று ஐயமின்றிக் காட்டும் 'நீ' தமிழ் அவையில் ஏலாது. மூத்தவரை வெறும் பெயரால் விளிப்பதும் ஏலாது. எஞ்சுவது 'ஐயா', 'அம்மா', 'பேராசிரியர் அவர்களே' போன்ற விளிகளே. மூன்று பேராசிரியர்கள் இணைப்பில் இருந்தால் 'மதுரைப் பேராசிரியர் சொல்லுங்கள்' என ஊரையும் சேர்க்க நேர்கிறது.