பழைய தழும்பும் அடுத்த பிரசவமும்

"முதல் பிரசவம் ஆபரேஷனா? அப்படியானால் அடுத்ததும் ஆபரேஷன்தான்!" இப்படிப் பெரியவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? இது எவ்வளவு தூரம் உண்மை? சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்களில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. வயிற்றைத் தைத்த டாக்டர்கள் கருப்பையைத் தைக்காமலே விட்டுவிடுவார்கள். இரத்தப் பெருக்கும் சீழும் தாயைக் கொன்றன. 1876இல் இத்தாலியின் பாவியா நகரில் எட்வர்டோ போர்ரோ என்பவர் கருப்பையையே அகற்றி ஒரு தாயைக் காப்பாற்றினார். உயிர் தப்பியது, ஆனால் மறுபடி கருத்தரிக்க வழியில்லை. 1882இல் ஜெர்மானிய டாக்டர் மாக்ஸ் சேங்கர், கருப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் தைக்கும் முறையை வெளியிட்டார். அதன்பின் தாயும் பிழைத்தாள், கருப்பையும் தங்கியது. கூடவே ஒரு புதிய கேள்வியும் பிறந்தது: அடுத்த பிரசவ வலியை அந்தத் தழும்பு தாங்குமா?

1916இல் நியூயார்க் டாக்டர் எட்வின் கிராகின், ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியனே என்னும் கருத்தைத் தம் உரையொன்றில் சொன்னார். முதல் சிசேரியனை அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள் என்று சக டாக்டர்களை எச்சரிப்பதே அவர் நோக்கம். விலக்குகள் உண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். எச்சரிக்கை மறைந்தது, வாசகம் மட்டும் சட்டம்போல் நிலைத்துவிட்டது!

கிராகின் காலத்தில் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காகக் கீறுவார்கள். அங்கே தசை தடிப்பானது. பிரசவத்தின்போது வலுவாகச் சுருங்குவதும் அதுவே. ஆகவே அங்குள்ள தழும்பு பிளக்கும் அபாயம் அதிகம். கீழ்ப்பகுதியோ மெல்லியது; சுருங்குவதைவிட விரிந்துகொடுப்பதே அதன் வேலை. அங்கே குறுக்காகக் கீறுவதை 1920களில் கிளாஸ்கோ நகரின் மன்ரோ கெர் வற்புறுத்தினார். இன்று பெரும்பாலும் கையாளப்படுவது இம்முறைதான்.

கீறல் மாறியும் பழைய வாசகம் மாறவில்லை. அமெரிக்காவில் 1970இல் நூற்றுக்கு ஐந்தாக இருந்த சிசேரியன், 1980இல் பதினாறைத் தாண்டியது. அவ்வாண்டு கூடிய நிபுணர் மாநாடு, தகுந்த பெண்களுக்கு இயல்பான பிரசவத்துக்கு வாய்ப்பளிக்கலாம் என்றது. 1996க்குள் முன்பு சிசேரியன் ஆனவர்களில் நூற்றுக்கு 28 பேர் இயல்பாகப் பெற்றார்கள். பின்னர் தழும்பு பிளந்த செய்திகளும் வழக்குகளும் அச்சமூட்டின. 2006இல் அது எட்டு, ஒன்பதாகச் சரிந்தது.

உண்மை நிலை என்ன? 2004இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், இயல்பான பிரசவத்துக்கு முயன்ற 17,898 பெண்களில் நூற்றுக்கு 73 பேர் வெற்றி பெற்றனர். தழும்பு பிளந்தது ஆயிரத்துக்கு ஏழு பேருக்கு. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் நேர்ந்துவிட்டால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. எனவே உடனே அறுவை செய்யவும் இரத்தம் ஏற்றவும் வசதியுள்ள மருத்துவமனையில்தான் முயல வேண்டும்.

யாருக்கு வெற்றி வாய்ப்பு அதிகம்? ஏற்கெனவே ஒருமுறையேனும் இயல்பாகப் பெற்றவருக்கு. வலி தானாகவே தொடங்கியவருக்கு. முதல் சிசேரியன், குழந்தை தலைகீழாகத் திரும்பாதது போன்ற, மீண்டும் நேரவேண்டியதில்லாத காரணத்தால் ஆனவருக்கு. வாய்ப்பைக் குறைப்பவை: முன்பு வலி வந்தும் பிரசவம் முன்னேறாமல் நின்றது, குழந்தையின் அதிக எடை, தாயின் உடற்பருமன், கூடுதல் வயது. வலியைத் தூண்டச் சில மருந்துகளைத் தருவதும், இரு பிரசவங்களுக்கு இடைவெளி மிகக் குறைவதும் தழும்பு பிளக்கும் அபாயத்தைக் கூட்டும்.

ஒன்றை மறவாதீர்கள். வயிற்றின்மேல் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கருப்பையில் எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. அதைச் சொல்வது ஆபரேஷன் குறிப்புதான். உங்கள் வீட்டில் யாருக்கேனும் சிசேரியன் ஆனால், அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பிரசவத்தில் டாக்டர் முதலில் கேட்பது அதுவாகவே இருக்கும்.