நீ எந்த டீமுக்கு ஆடின?

கிரிக்கெட் பத்தி நாலு பேர் காரசாரமா பேசற எந்த இடத்துக்கு வேணா போங்க. டீக்கடையோ, ஆபீஸ் கேன்டீனோ, கல்யாண மண்டபத்து வாசலோ. பத்தாவது நிமிஷம் ஒருத்தர் அந்த பிரம்மாஸ்திரத்தை எடுப்பார். "அதெல்லாம் சரி, நீ எந்த டீமுக்கு ஆடின?" அவ்வளவுதான், எதிராளி க்ளோஸ். இருபது வருஷம் கண்விழிச்சுப் பார்த்தது, மனப்பாடமா வெச்சிருக்கற ஸ்கோர்கார்டு எல்லாம் குப்பைக்குப் போயிடும்.

இந்தக் கேள்வி மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு உண்டு. காரணம், இது எங்க போய் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. 2019-ல நடந்ததைப் பாருங்க. உலகக்கோப்பை சமயத்துல ரவீந்திர ஜடேஜாவைத் துண்டு துக்கடா ஆட்டக்காரர்ங்கற மாதிரி சொன்னார் சஞ்சய் மஞ்ச்ரேக்கர். 37 டெஸ்ட் ஆடினவர். ஜடேஜா என்ன பதில் சொன்னார்? நீங்க ஆடினதைப் போல ரெண்டு மடங்கு மேட்ச் ஆடியிருக்கேன், இன்னும் ஆடிட்டிருக்கேன். அதே வருஷம் நவம்பர்ல கொல்கத்தாவில் வங்கதேசத்தோட இந்தியாவின் முதல் பகலிரவு டெஸ்ட். இளஞ்சிவப்புப் பந்து கண்ணுக்குச் சரியாத் தெரியுதான்னு வர்ணனையில் பேச்சு. ஆடினவங்ககிட்டயே கேட்டுப் பார்க்கலாமேன்னார் ஹர்ஷா போக்ளே. மஞ்ச்ரேக்கர் உடனே, கேட்கவேண்டியது நீங்கதான், ஆட்டம் ஆடின எங்களுக்கு ஓரளவு தெரியும்ங்கற தொனியில் ஒரு போடு போட்டார். ஜூலையில் தன் மேல விழுந்த அதே கல்லை நவம்பர்ல அடுத்தவர் மேல எறிஞ்சாச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, உலகத்தின் முதல் பகலிரவு டெஸ்ட்டே 2015-லதான் அடிலெய்டில் நடந்தது. மஞ்ச்ரேக்கர் கடைசி டெஸ்ட் ஆடினது 1996. அந்தப் பந்தை டெஸ்டில் அவரும் சந்திச்சதில்லை! (பின்னாடி அவரே அப்படிப் பேசினது சரியில்லைன்னு ஒத்துக்கிட்டார். அது பெரிய மனசு.)

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தருமபுரியிலிருந்து சேலம் போற ரோட்டுல ஏழெட்டு கிலோமீட்டர் வந்தா அதியமான்கோட்டை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி பேரைச் சுமக்கற ஊர். அஞ்சி வெறும் கற்பனை ஆள் இல்லைங்கறதுக்கு ஜம்பையில் 1981-ல கிடைச்ச தமிழ் பிராமிக் கல்வெட்டு சாட்சி. இந்தப் பக்கம் அதியமான்னு சொன்னா மூச்சு விடாம அடுத்து வர்ற பேர் அவ்வை. கே.பி.சுந்தரம்பாள் 1953-ல நடிச்ச படத்தைப் பார்த்துப் பார்த்து, குச்சி ஊனின பாட்டியாகவே மனசுல பதிஞ்சுபோச்சு. ஆத்திசூடி அவ்வை வேற, காலத்தால ரொம்பப் பிந்தினவங்க. நான் சொல்றது சங்கத்து அவ்வை.

அவங்க பாடின பாட்டுல போருக்கும் நிறைய இடம் உண்டு. யானை, தேர், வேல், முரசு. ஆனா வேலெடுத்துப் போருக்குப் போனதா எங்கயும் சேதி இல்லை. "நீங்க எந்தப் படையில இருந்தீங்க?"ன்னு யாராவது கேட்டிருந்தா அத்தனை பாட்டும் காலி. ஆனா நடந்தது தலைகீழ். புறநானூறு 89-ல பகை அரசன் ஒருத்தன் பாட்டுத்தொழில் செய்யற ஒரு விறலிகிட்டதான், உங்க நாட்டுல சண்டை போட ஆள் இருக்கான்னு கேட்கறான். அவளும் சும்மா விடலை, வெளுத்து வாங்கறா.

95-ஆம் பாட்டு இன்னும் சுவாரசியம். அதியமானோட தூதா தொண்டைமான்கிட்டப் போறாங்க அவ்வை. அவன் தன் பெருமையைக் காட்ட ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டறான். எல்லாம் நெய் பூசி, மாலை போட்டுப் பளபளன்னு இருக்கு. அவ்வை பாராட்டற மாதிரியே ஆரம்பிக்கறாங்க. அடுத்து, அதியமானோட வேலெல்லாம் குத்திக் குத்தி நுனி ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில் கிடக்குன்னு ஒரே ஒரு தகவல் சேர்க்கறாங்க. தொண்டைமான் முகம் எப்படி ஆகியிருக்கும்!

இதை எல்லாரும் வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணமா சொல்வாங்க. எனக்கு முக்கியமாப் படறது அந்தக் கொல்லன் பட்டறை. ஆயுதம் பிடிச்ச அனுபவம் இல்லாத ஒருத்தர், ஆயுதத்தோட தேய்மானத்தை வெச்சு ஒரு படையை எடை போடறாங்க. எது சண்டை போட்ட வேல், எது சும்மா சாத்தி வெச்ச வேல்னு கண்டுபிடிக்க வேலைத் தூக்கிச் சண்டை போட்டிருக்கணும்னு இல்லை. பட்டறை வாசல்ல நின்னு பார்த்திருக்கணும்.

சரி, அப்போ ஆடின அனுபவம் ஒண்ணுமே இல்லையா? இருக்கு. 140 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பந்து கை விட்டு மட்டைக்கு வந்து சேர அரை செகண்டுதான். அந்த அரை செகண்ட்ல வயித்துக்குள்ள என்ன நடக்கும்னு சோபாவுல முறுக்கு தின்னுக்கிட்டு "விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல"ன்னு சொல்ற எனக்குத் தெரியாது. அதை ஆடினவர் சொன்னா நான் வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்கணும். அவ்வையும் அதியமானுக்கு வேல் பிடிக்கச் சொல்லிக் குடுக்கலையே.

ஆனா "ஆடினவர்" யாருங்கறதுலயே ஒரு வில்லங்கம் இருக்கு. 1936-ல இங்கிலாந்து போன இந்திய அணிக்குக் கேப்டன், விஸியானகரம் மகாராஜகுமார், செல்லமா விஸி. சி.கே.நாயுடு மாதிரி ஆள் அணியில் இருக்கும்போது பணமும் அரண்மனை செல்வாக்கும் இவரைக் கேப்டன் ஆக்குச்சு. லாலா அமர்நாத்தைப் பாதி டூர்ல மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பினது இந்த டூர்லதான். 3 டெஸ்ட், மொத்தம் 33 ரன். பிற்காலத்துல இவர் ரேடியோ வர்ணனையாளர்! தகுதி கேட்டா, இந்தியாவுக்கே கேப்டன். யார் என்ன சொல்ல முடியும்?

இன்னொரு பக்கம் பல்வங்கர் பாலூ. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து, புனே ஜிம்கானாவில் வெள்ளைக்காரங்களுக்கு வலையில் பந்து போட்டே வளர்ந்த இடதுகை சுழல். 1911 இங்கிலாந்து டூர்ல 114 விக்கெட். பந்து மட்டும் வேணும், டீ குடிக்க அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே மண் குவளை. இந்துக்கள் அணிக்குக் கேப்டன் பதவி அவருக்குக் கடைசி வரை கிடைக்கல. தம்பி விட்டல் அந்தப் பதவிக்கு வந்தது 1923-ல. இந்தக் கதையை 2002-ல புத்தகத்துல விரிவா எழுதினவர் ராமச்சந்திர குஹா. காலேஜ் கிரிக்கெட்டோட நின்னுபோன வரலாற்றாசிரியர். ஆடினவன்தான் பேசணும்னா விஸி பேசலாம், குஹா பேசக்கூடாது. பாலூ கதை நம்ம காதுக்கு வந்தே இருக்காது.

தமிழ்ல கிரிக்கெட் வர்ணனைன்னா காதுல விழற குரல் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார். வானொலி நாடகத்துல இருந்து வந்த குரல். 2020-ல காலமானார். "இவர் எந்த டீமுக்கு ஆடினார்?"னு ரேடியோவைக் காதோட ஒட்டி வெச்சிருந்த யாரும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை :-)

கேள்வி கேட்டே ஆகணும்னா வேற ஒண்ணு இருக்கு: "உனக்கு யாரு சோறு போடறாங்க?" 2016-ல ஹர்ஷாவை ஐபிஎல் வர்ணனையிலிருந்து சொல்லாம கொள்ளாம கழட்டி விட்டாங்க. 2020 மார்ச்சில் மஞ்ச்ரேக்கரை கிரிக்கெட் வாரியத்தோட வர்ணனைக் குழுவிலிருந்து தூக்கினாங்க. ஒருத்தர் டெஸ்ட் ஆடாதவர், ஒருத்தர் 37 ஆடினவர். கதவு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் சாத்துச்சு.

இந்தக் கேள்வி அவ்வைக்கும் பொருந்துமேன்னு நீங்க மடக்கலாம். நியாயம்தான். அதியமான் சோறும் கள்ளும் பரிசிலும் குடுத்தவன், நெல்லிக்கனி வேற குடுத்தான். அவனைப் பத்தி நல்லபடியாத்தானே பாடுவாங்க? ஆனா பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாருங்க. 72-ஆம் பாட்டுல அவனே வஞ்சினம் சொல்றான்: பகைவரை நான் ஜெயிக்கலைன்னா மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமப் போகட்டும். வாளெடுத்துச் சண்டை போட்டவன், தனக்குத் தானே குடுத்துக்கற தண்டனையில இதையும் ஒண்ணா வெச்சிருக்கான். கூலிக்குப் பாடற வாய்னு நினைச்சிருந்தா அந்த வாய் மூடிக்கறது ஒரு தண்டனையா?

கடைசியில பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அடிச்சான். அந்தப் போரைப் பாடின தகடூர் யாத்திரை முழுசாக் கிடைக்கல, உதிரிப் பாட்டுகள்தான் மிச்சம். அதியமான் இறந்தப்போ அவ்வை பாடினது புறநானூறு 235-ல இருக்கு. அந்தப் பாட்டுக்குப் பரிசில் குடுக்க அவன் இல்லை.